ஏதென்ஸ் கச்சேரி: டபுள் பாஸின் மேல் நிற்கும் கிரேக்க நாட்டுப்பாடல்

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாய்டும் கிரேக்கப் பாடகி மரியா ஃபரந்தூரியும் 2010 ஜூன் மாதம் ஏதென்ஸ் நகரில் சேர்ந்து நடத்திய கச்சேரியின் ஒலிப்பதிவு, மறு ஆண்டில் ‘ஏதென்ஸ் கான்சர்ட்’ என்ற பெயரில் இரட்டைக் குறுந்தகடாக வெளிவந்தது. வெளியிட்டது மியூனிக்கைச் சேர்ந்த இசிஎம் நிறுவனம். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கத்தில் நாகஸ்வரமும் கர்நாடக சங்கீதமும் கேட்டு வளர்ந்தவர்கள் ஜாஸை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இந்தப் பதிவைத்தான். பத்தாண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு பதிவுக்கு இப்போது மதிப்புரை எதற்கு என்றால், ஒருமுறை கேட்டு மூடி வைத்துவிடக்கூடியதாக அது எனக்கு இன்னும் ஆகவில்லை என்பதே காரணம். மேலும், இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சாக்ஸபோனையும் குரலையும் மட்டுமே பேசிவிட்டு, இந்தக் கூட்டணி கவிழாமல் தாங்கிப் பிடித்திருக்கும் ரூபென் ராஜர்ஸின் டபுள் பாஸைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

மேடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். லாய்டின் நால்வர் குழுவில் பியானோவுக்கு ஜேசன் மோரன், பாஸுக்கு ராஜர்ஸ், டிரம்ஸுக்கு எரிக் ஹார்லண்ட். கிரேக்கத் தரப்பில் ஃபரந்தூரியோடு லீரா என்ற வில் வாத்தியம் வாசிக்கும் சோக்ராதிஸ் சினோபுலோஸும், நாட்டுப்பாடல்களைக் கோத்து அமைத்துப் பியானோவும் வாசித்த தாகிஸ் ஃபராசிஸும் இருந்தார்கள். இடம், அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஹெரோடிஸ் அத்திகஸ் திறந்தவெளி அரங்கம், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கல் அரங்கம் அது. ஃபரந்தூரி, கிரேக்க இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோதராகிஸின் பாடல்களை உலகுக்குக் கொண்டுசென்ற குரல். 1967 முதல் 1974 வரை கிரேக்கத்தை ஆண்ட ராணுவ ஆட்சி தியோதராகிஸின் இசையையே தடை செய்திருந்த காலத்தில் வெளிநாடுகளில் அதைப் பாடிக்கொண்டிருந்தவர். அவருடைய கனத்த கீழ்ஸ்தாயிக் குரலைக் கேட்டவுடன் ஏதென்ஸ் ரசிகர்களுக்கு என்னென்ன நினைவுக்கு வந்திருக்கும் என்பதைக் கைதட்டலின் கனத்திலிருந்தே ஊகிக்கலாம்.

பதிவின் முற்பகுதியில் தியோதராகிஸின் பாடலும் லாய்டின் சொந்த இசையமைப்புகளும் வருகின்றன. கவிஞர் செஃபெரிஸின் வரிகளுக்குத் தியோதராகிஸ் அமைத்த தொடக்கப் பாடல் மிக நன்றாக இருக்கிறது. லாய்டின் பழைய இசையமைப்புகளில் சிலவற்றுக்குச் சற்று அதிக நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இந்தப் பதிவை வாங்குவதற்குரிய காரணம் அவை அல்ல. ‘கிரீக் ஸ்வீட்’ (Greek Suite) என்ற பெயரில் மூன்று பகுதிகளாக வரும் நாட்டுப்பாடல் கோவைதான். பரிசுத்தத் திரித்துவத்தின் மீதான மிகப் பழைய துதியொன்றில் தொடங்கி, தீவுகளின் கடல் பாடல், மலைநாடான எபீரஸின் ஒப்பாரி, கருங்கடற்கரையில் வாழ்ந்து பின்னர் இடம்பெயர்ந்த பொந்தோஸ் கிரேக்கர்களின் பாட்டு என்று அது ஊர் ஊராகப் போகிறது. பெயருக்கு இரண்டு வரி நாட்டுப்பாட்டைப் பாடிவிட்டு, மீதி நேரத்தை வழக்கமான ஜாஸ் வாசிப்பில் கழிக்கும் கலப்பிசைப் பதிவுகள் உண்டல்லவா, அந்த ரகம் இல்லை இது. பாட்டு முழுவதுமாகப் பாடப்படுகிறது; அதன் உள்ளிருந்துதான் மனோதர்மம் கிளம்புகிறது.

இங்கே பாஸின் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் காதுக்கு மிக நெருக்கமான சங்கதி அதில்தான் இருக்கிறது.

டபுள் பாஸ் ஏறத்தாழ ஆள் உயரம் இருக்கும் நான்கு தந்தி வாத்தியம். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் பெரும்பாலும் வில்லால் வாசிக்கப்படும் அதை ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் விரலால் மீட்டுகிறார்கள். வீணையில் உள்ளது போன்ற மெட்டுகள் இல்லாத வாத்தியமாகையால் வழுக்கி இழுக்கவும் அசைக்கவும் இடமுண்டு. ஜாஸில் அதன் கடமை இரண்டு: காலப்பிரமாணத்தைப் பிடித்து நடத்துவது ஒன்று, மேலே பியானோ வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகளுக்கு அடி ஸ்வரத்தைக் கொடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கடமைதான் நாட்டுப்பாடலோடு சேரும்போது சிக்கலாகிறது. கிரேக்க நாட்டிசையிலும் பைசாந்தியத் தேவாலய இசையிலும் பாட்டுக்கு அடியில் ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மரபு உண்டு. எபீரஸின் கூட்டுப் பாடல்களில் ஒரு குழு அந்த ஆதார ஸ்வரத்தை மட்டும் குரலால் இழுத்துக்கொண்டே இருக்கும். தம்பூராவின் மேல் வளர்ந்த நமக்கு அது விளக்கம் தேவைப்படாத விஷயம். ஜாஸ் பாஸோ நகர்வதற்காகவே இருப்பது. ஒவ்வொரு தாளக் கட்டத்திலும் அடி ஸ்வரத்தை மாற்றிக்கொண்டே போவதில்தான் அதன் அழகு என்று அந்தக் கலைஞர்கள் கற்றிருக்கிறார்கள்.

அடி ஸ்வரம் நகர்ந்தால் என்ன கெட்டுவிடும்? எபீரஸின் பாடல்கள் பல, அரை ஸ்வர இடைவெளியே இல்லாத ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை. அந்த ஐந்தும் நம் சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்களோடு பொருந்துபவை: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். பாடுபவர் இந்த ஐந்தில் ஒன்றைக்கூட மாற்றாமல் பாடிக்கொண்டிருக்க, கீழே பாஸ் மட்டும் ஷட்ஜத்தை விட்டுக் காந்தாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டால், கேட்பவர் காதில் ராகம் மோகனமாகிவிடும். நம் வித்வான்கள் கிரகபேதம் என்று அரிதாகவும் அறிவித்தும் செய்துகாட்டும் காரியத்தை, ஒரு பாஸ் கலைஞர் பாடகியின் அனுமதி இல்லாமலே இரண்டு விநாடியில் செய்துவிடலாம். இழவு வீட்டுப் பாட்டு கல்யாண வீட்டுப் பாட்டாக மாறிப்போகும். கலப்பிசைப் பதிவுகள் பலவற்றில் நாட்டுப்பாடல் ‘இனிமையாகி’ உயிரிழந்து கேட்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். பாடகர் மீது குற்றமில்லை. கீழே அடித்தளத்தை மாற்றிவிட்டார்கள்.

ராஜர்ஸ் கரீபியன் கடலில் உள்ள விர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர். கிரேக்க இசையில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். அப்படிப்பட்டவர் இந்தக் கோவையில் காட்டும் அடக்கம் வியப்பளிக்கிறது. ஃபரந்தூரி பாடும்போது அவர் அதிகம் நகர்வதில்லை. ஆதார ஸ்வரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மீட்டி, ஒலி தேய்ந்து மறையும் வரை காத்திருந்து மீண்டும் மீட்டுகிறார். விரலால் மீட்டிய பாஸ் ஸ்வரம் நீண்ட நேரம் நிற்காது. ஆகவே மீண்டும் மீண்டும் புதுப்பித்தாக வேண்டும். அந்தப் புதுப்பித்தலில் காலத்தை இம்மி முன்னும் பின்னுமாக அவர் வைப்பதில்தான் பாடலின் மூச்சு இருக்கிறது. பாட்டு முடிந்து லாய்டின் சாக்ஸபோன் எழும்பும்போது மெல்ல நகரத் தொடங்குகிறார். அப்போது நகர்வது தவறாகவும் படுவதில்லை, ஏனென்றால் ராகத்தின் உருவம் அதற்குள் காதில் பதிந்துவிட்டது. எப்போது தம்பூராவாக இருப்பது, எப்போது ஜாஸ் பாஸாக மாறுவது என்ற இந்த விவேகம் யார் சொல்லிக் கொடுத்து வந்ததோ தெரியாது; பதிவு முழுவதும் நான் தொடர்ந்து கவனிப்பது அதைத்தான்.

அந்த விவேகம் பியானோவுக்கு எல்லா இடத்திலும் வாய்க்கவில்லை. ஜேசன் மோரன் பெரிய கலைஞர். தனியாக அவர் கை போகும் இடங்களில் யாரும் எதிர்பார்க்காத வழிகளைத் திறந்து காட்டுகிறார். ஆனால் நாட்டுப்பாடலின் மெல்லிய கோட்டுக்குக் கீழே நெருக்கமான ஸ்வரக் கூட்டுகள் வந்து விழும்போது, ஃபரந்தூரி குரலில் வைக்கும் சின்னச் சின்ன அசைவுகள் மூடிப்போகின்றன. சமன் செய்யப்பட்ட பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களை மட்டுமே அறிந்த வாத்தியத்துக்கும், இடைப்பட்ட ஸ்ருதிகளில் வாழும் பாட்டுக்கும் உள்ள பிணக்கு அது. ஹார்மோனியத்தைப் பற்றி நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் நடத்திய சண்டையெல்லாம் நினைவுக்கு வருகிறது. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பது இப்போது வேண்டாம்.

அந்த இழப்பை ஈடுகட்டுவது லீரா. சினோபுலோஸ் வாசிப்பது கான்ஸ்டான்டிநோபிள் மரபைச் சேர்ந்த பேரிக்காய் வடிவச் சிறு வாத்தியம். மடியில் நிமிர்த்தி வைத்து வில்லால் வாசிப்பார்கள். தந்தியை மேலிருந்து அழுத்தாமல் விரல் நகத்தின் பக்கவாட்டால் தொட்டு ஸ்வரம் எடுப்பார்கள். அதனால் அதன் நாதம் வயலினை விட மெல்லியதாகவும் சற்றே கரகரப்பாகவும் குரலுக்கு மிக அருகிலும் இருக்கிறது. லீராவும் பாஸும் மட்டும் தனித்து ஒலிக்க நேரும் தருணங்களில், மேலே கமகம், கீழே ஆதாரம், நடுவில் வெற்றிடம் என்ற நமக்குப் பழகிய அமைப்பு தானாக உருவாகிவிடுகிறது. இப்படிப்பட்ட தருணங்கள் இன்னும் இரண்டு மடங்கு இருந்திருக்கலாம்.

எபீரஸ் ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. வடமேற்கு கிரேக்கத்தின் மலைக் கிராமங்களில் இறந்தவர்களுக்காகப் பெண்கள் பாடிய புலம்பலே, காலப்போக்கில் வாத்தியங்களால் வாசிக்கப்படும் வடிவமாகவும் ஆகி, ஊர்த் திருவிழாக்களில் ஆட்டம் தொடங்கும் முன் வாசிக்கப்படும் வழக்கம் வந்தது. கொண்டாட்டத்துக்கு முன்னால் இறந்தவர்களை நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அதை வாசிக்கும் முதன்மை வாத்தியம் கிளாரினெட். ஸ்வரங்களை மேலிருந்து கீழே வழுக்கி இறக்குவது அதன் அடையாளம். கிளாரினெட் என்றதும் நம் டெல்டாவில் யாருக்கும் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நினைவுக்கு வராமல் இருக்காது. தஞ்சையில் சதிர் என்ற பழைய நாட்டியக் கச்சேரிகளின் வாத்தியக் குழுவான சின்ன மேளத்துக்குள் நுழைந்த ஐரோப்பிய வாத்தியம், அவர் கையில் நாகஸ்வர பாணியில் முழு ராக ஆலாபனை பேசியது. கிரேக்கத்திலும் கதை ஏறத்தாழ இதேதான். பெருங்கூட்டத்துக்கு நடுவே திறந்தவெளியில் ஊதும் ஸுர்னா என்ற குழலும் அதோடு சேர்ந்து முழங்கும் தவுலும் ஒரு காலத்தில் அங்கும் உண்டு. ஆம், அவர்கள் பேச்சில் அந்த முழவின் பெயரும் நம் தவிலோடு குழம்பக்கூடிய அளவுக்கு நெருக்கமானது. 19ஆம் நூற்றாண்டில் வந்த கிளாரினெட், நிலப்பகுதியின் பல இடங்களில் ஸுர்னாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

லாய்டிடம் கிளாரினெட் இல்லை. டெனர் சாக்ஸபோன், புல்லாங்குழல் இவற்றோடு ஹங்கேரிய தாரகாட்டோ ஒன்றும் வைத்திருக்கிறார். இன்றைய தாரகாட்டோ ஒற்றை நாக்கு உள்ள மர வாத்தியம். ஆனால் அதன் பழைய வடிவம் ஸுர்னாவைப் போல இரட்டைச் சீவாளி கொண்டது. நாகஸ்வரத்தின் தூரத்து உறவு என்று சொல்வதில் தவறில்லை. ஒப்பாரிப் பகுதியில் லாய்டின் சாக்ஸபோன் எபீரஸ் கிளாரினெட்டை அப்படியே நகல் எடுக்க முயலவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மெம்பிஸ் நகரில் பிறந்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையின் மடியில் வளர்ந்தவர் அவர். அந்த அழுகையை அப்படியே கொண்டுவந்து இந்த அழுகைக்குப் பக்கத்தில் வைக்கிறார். நம் ஊரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவருக்கு இரண்டுமே அந்நியமாகப் படாது. ராஜர்ஸ் இங்கே ஏறத்தாழ அசையவே இல்லை.

தாளத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கிரேக்க ஆட்டங்களில் ஏழு எண்ணிக்கை மிகப் பரவலானது. மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரியும் அது நம் மிஸ்ரசாபுவே. ஒன்பது எண்ணிக்கை கொண்டவையும் நிறைய. நான்கிலேயே நடந்து பழகிய ஜாஸ் கேட்பவர்கள் இவற்றைக் கஷ்டமான தாளங்கள் என்று பேசுவார்கள். நமக்குக் கை தானாகத் தட்டும். டிரம்ஸ் கலைஞர் ஹார்லண்ட் இதற்கு முன்பே, லாய்டோடும் தபேலா மேதை ஜாகிர் உசேனோடும் சேர்ந்து ‘சங்கம்’ என்ற மூவர் கச்சேரியில் வாசித்தவர். அந்தப் பதிவு 2006இல் இதே இசிஎம்மில் வெளியானது. அந்த அனுபவத்தின் பயன் இங்கே தெரிகிறது. பாட்டுக்குப் பக்கத்தில் வாசிப்பது எப்படி என்று அறிந்த கை அது.

இனி, வாங்குவோர் கேட்கும் கேள்விகள். இசிஎம் தன் பதிவுகளை நெடுங்காலம் ஸ்ட்ரீமிங் சேவைகளுக்குத் தராமல் வைத்திருந்தது. 2017 நவம்பரில்தான் திறந்துவிட்டது. ஆகவே இறக்குமதிக் குறுந்தகட்டுக்காகச் சென்னைக் கடைகளை நம்பியிருந்த நிலை இப்போது இல்லை. மாதச் சந்தாவிலேயே கேட்டுவிடலாம். கேட்பதானால் ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விடாத அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். நேரடிக் கச்சேரியில் கைதட்டல் நடுவில் வெட்டுப்படுவது எரிச்சலூட்டும். கிரேக்கம் தெரியாத நமக்குப் பாடல்களின் பொருள் தெரியாமல் போவது உண்மையான குறை. குறிப்பாகக் கவிதைகளுக்கு அமைத்த பாடல்களில் அது உறுத்துகிறது. நாட்டுப்பாடல்களில் அவ்வளவாக உறுத்தவில்லை.

எதில் கேட்கிறீர்கள் என்பது இந்தப் பதிவைப் பொறுத்தவரை விலையைவிட முக்கியம். டபுள் பாஸின் கீழ்த்தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த அதிர்வை வெளியிட முடியாது. அதோடு கூடவே எழும் உயர்ந்த அதிர்வுகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்வதுதான் நடக்கும். அப்படிக் கேட்டால் ராஜர்ஸ் மேடையிலேயே இல்லை என்றுதான் தோன்றும். நான் மேலே எழுதியதெல்லாம் கற்பனை என்றும் படும். மார்கழி விடியலில் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டில் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், காணாமல் போவதும் இதே காரணத்தால்தான். காதை நன்றாக மூடும் ஹெட்போன் போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒலியின் கீழ்ப்பகுதியைச் செயற்கையாக உயர்த்தும் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது பாஸின் ஸ்வரத்தை வெறும் உறுமலாக்கிவிடும். பதிவைப் பற்றிச் சொன்னால், திறந்தவெளியில் எடுத்ததாக நம்ப முடியாத அளவுக்குத் தெளிவானது. விரல் தந்தியை விட்டு விலகும் ஓசைகூடக் கேட்கிறது.

இந்தப் பதிவு பிடித்துவிட்டால் அடுத்து எங்கே போவது என்பதற்கும் என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது: பெட்ரோஸ் கிளம்பானிஸ். இவரே பாஸ் கலைஞர், இவரே குழுவின் தலைவர், நியூயார்க் ஜாஸ் உலகில் தன்னை நிலைநிறுத்திக்கொண்ட கிரேக்கர். வளர்ந்தது அயோனியக் கடலில் இருக்கும் ஜாகிந்தோஸ் தீவில். அந்தத் தீவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு; கிரேக்க நிலப்பகுதி ஒட்டோமான் ஆட்சியில் இருந்த நூற்றாண்டுகளில் அது 1797 வரை வெனிஸ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆகையால் அங்கே பல குரல்கள் இணைந்து பாடும் இத்தாலியச் சாயல் கொண்ட பாட்டு வேரூன்றியது. பாஸின் அடி ஸ்வரம் நகர்வது என்பது அவருக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல, சொந்தத் தீவின் பாட்டிலேயே இருப்பது. 2019இல் வந்த ‘இர்ரேஷனாலிட்டீஸ்’ பதிவில் பியானோ கலைஞர் கிறிஸ்ட்யான் ராண்டலு, தாள வாத்தியக் கலைஞர் போடெக் யான்கே ஆகியோரோடு மூவராக வாசித்தார். 2023இல் வந்த ‘டோரா கலெக்டிவ்’ கிரேக்கப் பாரம்பரியப் பாடல்களையே எடுத்துக்கொண்டு புதிதாக அமைத்தது. அதை லாய்டின் பதிவுக்குப் பிறகு கேட்கும்படி சொல்கிறேன், முன்னால் அல்ல. லாய்டின் மேடையில் பாட்டும் ஜாஸும் இருவராக வந்து பேசிக்கொள்கின்றன, யார் எங்கே விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது புதிதாகக் கேட்பவருக்கும் பிடிபடும். கிளம்பானிஸிடம் இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பதால் தையல் தெரிவதில்லை. தையல் தெரியாதது கலைஞருக்குப் பெருமைதான். கற்றுக்கொள்ள வந்த கேட்பவருக்கு அது கொஞ்சம் சிரமம்.

யாருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாள விறுவிறுப்பையும் தனி ஆவர்த்தனத்தையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஒன்றரை மணி நேரம் போலப் போகும் இந்தக் கச்சேரியில் பெரும்பகுதி விளம்ப காலம், மெதுவான நடை. ஊரில் வேலை பார்த்துக்கொண்டே பின்னணியில் ஓடவிடுவதற்கும் ஏற்றதல்ல. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் பிற்பகல் கச்சேரிகளுக்கு உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ‘கிரீக் ஸ்வீட்’டின் மூன்றாம் பகுதியில் தொடங்கலாம், அது பிடித்தால் முதலிலிருந்து போங்கள், பிடிக்காவிட்டால் மற்றதும் பிடிக்கப்போவதில்லை.